சமையலறை எச்சங்களிலிருந்து சாடிச் செடிகள்: மேற்குச் சிட்னி வீடுகளுக்கான ஒரு பாடம்

ஆடிப் பட்டத்தில் விதைக்க வேண்டும் என்பது தமிழ் உழவரின் பழைய கணக்கு. சிட்னியில் ஆடி பிறக்கும் ஜூலை நடுப்பகுதியோ ஆண்டின் மிகக் குளிர்ந்த காலம். மேற்குப் புறநகரங்களில் விடியற்காலைப் புல்வெளிமீது உறைபனி படியும் நாட்களும் அப்போது உண்டு. ஊர் நினைவில் அந்த மாதத்தில் இஞ்சியையோ மஞ்சளையோ சாடியில் ஊன்றுபவர், ஆறு வாரம் காத்திருந்துவிட்டு, அழுகிய துண்டொன்றையே தோண்டி எடுப்பார். தமக்குக் கைராசி இல்லை என்று நொந்துகொள்வோரும் உளர். அவர்கள் பின்பற்றிய நாட்காட்டி பூமியின் மற்றப் பாதிக்கு உரியது என்பதே உண்மைக் காரணம்.

பிள்ளைகளுடன் வாழவென இந்நாட்டுக்கு வந்து, பகற்பொழுதைத் தொடர்மாடிக் குடியிருப்பொன்றில் தனியே கழிக்கும் மூத்தோர் பலர். தோட்டம் இருந்த வீட்டை விட்டு வந்தவர்களுக்கு ஒரு பால்கனியும் நான்கு சாடிகளும் சிறிதெனத் தோன்றலாம். எனினும் சமையலறையில் மிஞ்சும் கிழங்கு, கொட்டை, விதை ஆகியவற்றைக்கொண்டே பச்சை இலைகள் நிறைந்த ஒரு மூலையை உருவாக்க முடியும். செலவு, சாடிக்கும் மண்ணுக்கும் மட்டுமே. செடி வளர்க்கும் முறையோடு, அதை வளர்க்கும்போது கவனிக்கவேண்டிய உடல்நல, சட்ட விடயங்களும் இப்பாடத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு, நம் சமூகத்தவர் அறியாமலே இடறி விழக்கூடியவை.

மஞ்சள்

பொங்கல் பானையின் கழுத்தில் கட்ட ஒரு மஞ்சட் கொத்து வேண்டும் என்று ஜனவரியில் கடை கடையாக ஏறி இறங்குவது இங்குள்ள பல குடும்பங்களின் வழக்கம். அந்தக் கொத்தை வீட்டிலேயே வளர்ப்பது கடினமன்று. மாதத்தைச் சரியாகத் தேர்ந்தால் போதும்.

முதலில் கிழங்கு. மளிகைக் கடையில் உலர்ந்து கடினமாக விற்கப்படும் விரலி மஞ்சள் ஒருபோதும் முளைக்காது. அது அவித்த பின்னரே உலர்த்தப்படுகிறது. காய்கறிப் பகுதியில் இஞ்சிக்கு அருகே வைக்கப்பட்டிருக்கும் பச்சை மஞ்சளே தேவை. குயின்ஸ்லாந்தில் விளைந்தது சிட்னிக் கடைகளில் கிடைக்கிறது. சுருங்காததும், பக்கங்களில் வெளிறிய சிறு மொட்டுகள் புடைத்திருப்பதுமான துண்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக் கிழங்குகள் சில, முளைக்காதிருக்கும் வண்ணம் பதப்படுத்தப்பட்டிருக்கக் கூடும். ஆதலால் ஒன்றை நம்பியிராமல் நான்கைந்து துண்டுகளை வாங்குவதே அறிவு.

ஆகஸ்டு இறுதியில், அகன்ற பிளாஸ்டிக் பெட்டியொன்றில் ஈரப்படுத்திய தென்னந்தும்புத் தூளைப் பரப்பி, துண்டுகளை அதன்மேல் கிடத்தி, வீட்டினுள்ளே கதகதப்பான இடத்தில் வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறம் இதற்கு நல்ல இடம். தூள் ஈரமாக இருக்க வேண்டுமேயன்றி, பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. மூன்று முதல் ஆறு வாரங்களில் மொட்டுகள் கூம்பி நீளும். சில கிழங்குகள் இன்னும் தாமதிக்கும். அவை கல்போல் உறுதியாக இருக்கும்வரை நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தொட்டால் அமுங்குவனவற்றை மட்டும் அகற்றிவிட வேண்டும்.

அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்படுகின்றன. முளைவிட்ட கிழங்கை வெளியே சாடியில் நடுவதற்கும் அந்நாளையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். சாடி குறைந்தது 30 சென்றிமீற்றர் அகலமும் அதே அளவு ஆழமும் கொண்டதாகவும், அடியில் துளைகள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். முளை மேல்நோக்கியிருக்க, ஐந்து சென்றிமீற்றர் ஆழத்தில் கிழங்கை வைத்து மூடவேண்டும். முதல் இலை விரியும்வரை நீர் மிகக் குறைவாகவே போதும். இந்தக் கட்டத்தில் அழிந்த மஞ்சட் செடிகளில் பெரும்பாலானவை அன்பு மிகுதியால் ஊற்றப்பட்ட நீரினால் அழிந்தவையே. இலைகள் பெருகிய பின்னர் நிலைமை தலைகீழாகும்: கோடையில் மஞ்சள் நாள்தோறும் நீர் கேட்கும்.

மேற்குச் சிட்னியின் கோடை, கடலோரத்தின் கோடையன்று. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய நாளில் கறுப்பு பிளாஸ்டிக் சாடியினுள் இருக்கும் வேர் வெந்துபோகும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கமே மஞ்சளுக்கு ஏற்றது. மேற்கு நோக்கிய பால்கனியானால், கடும் வெப்ப எச்சரிக்கை வரும் நாட்களில் சாடியைச் சுவரோரம் நகர்த்தி, மெல்லிய பருத்திச் சேலையொன்றை மறைப்பாகக் கட்டலாம்.

ஜனவரி நடுப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு மேல் அகன்ற இலைகள் நிற்கும். ஆனால் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பொங்கலின்போது கிடைப்பதுபோல் திரண்ட கிழங்கு அப்போது இராது. செடிக்கு அன்றைக்கு மூன்று, நான்கு மாத வயதுதானே! ஆகவே இரண்டு சாடிகளில் நடுவது நன்று. ஒன்றைப் பொங்கலன்று வேரோடு எடுத்துப் பானைக்குக் கட்டலாம். மற்றையதைத் தொடாமல் விட்டால், மே மாதத்தில் இலைகள் பழுத்துச் சாயும். செடி நோயுற்றதென அஞ்சி உரமிட வேண்டாம். அது உறங்கப் போகிறது. நீரை நிறுத்தி, ஜூன் அல்லது ஜூலையில் தோண்டினால் கறிக்கு ஆகும் கிழங்கும், அடுத்த ஆகஸ்டுக்கான விதைக் கிழங்கும் ஒருங்கே கிடைக்கும். இஞ்சிக்கும் இதே நாட்காட்டி பொருந்தும். அழகில் மட்டும் மஞ்சளின் இலைக்கு அது ஈடாகாது.

கொட்டைகளும் விதைகளும்

நவம்பர் முதல் பெப்ரவரி வரை மாம்பழக் காலம். இங்கு மிகுதியாக விற்கப்படும் கென்சிங்ரன் பிரைட் இனத்தின் கொட்டைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஒரே விதையிலிருந்து மூன்று, நான்கு முளைகள் எழும். அவற்றுட் பல தாய்மரத்தின் இயல்பை அப்படியே உடையவை. சதையை நன்கு கழுவி நீக்கி, ஒருநாள் நிழலில் உலர்த்தி, தடித்த ஓட்டின் விளிம்பைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தால், உள்ளே அவரை வடிவில் விதை கிடக்கும். அதைக் கிடையாக வைத்து இரண்டு சென்றிமீற்றர் மண்ணால் மூடவேண்டும். கோடை வெப்பத்தில் சில வாரங்களிலேயே முளைத்துவிடும். மாந்தளிர் செம்பு நிறத்தில் தொங்கி, பின்னர் மெல்லப் பச்சையாவது காண இனியது. சாடியில் காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பண்டிகை நாளில் வாசலில் தோரணத்துக்குச் சில இலைகள் கிடைத்தால் அதுவே போதிய பயன். அவற்றையும், செடி ஓரளவு உயர்ந்து கிளைத்த பின்னரே கிள்ள வேண்டும்.

அவகாடோக் கொட்டையின் பருத்த அடிப்பகுதி நீரில் தொட்டிருக்க, மூன்று பற்குச்சிகளைச் செருகிக் குவளை விளிம்பில் நிறுத்தும் முறையைப் பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்தே அறிந்து வருவர். கொட்டை பிளந்து வேர்விட இரண்டு மாதங்கள்கூட ஆகலாம். தண்டு ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விடும். இல்லையேல் ஒற்றைக் குச்சியாக நெடுத்து வளரும். கிளி முதலிய கூண்டுப் பறவைகள் வளர்க்கும் வீட்டில் இச்செடி கூடாது. அதன் இலையும் கொட்டையும் பறவைகளுக்கு நஞ்சு.

எலுமிச்சை விதையை உலர விடாமல், பழத்திலிருந்து எடுத்த அன்றே ஊன்ற வேண்டும். அன்னாசியின் கொண்டையைத் திருகிப் பிரித்து, அடியிலுள்ள இலைகளை ஒரு விரல் அளவுக்கு உரித்து, சில நாட்கள் காயவிட்டு நட்டால் வேர்கொள்ளும். பல்பொருள் அங்காடிகளில் கொண்டை நீக்கிய அன்னாசியும் விற்கப்படுவதால், வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். காய்ப்பதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகுமாயினும், காய்க்காத அன்னாசியும் அழகிய செடியே. வற்றாளங்கிழங்கோ, தமிழ்நாட்டு வழக்கில் சர்க்கரைவள்ளி, பாதி நீரில் அமிழ்ந்திருந்தாலே கொடி ஓடத் தொடங்கும். உயரத் தட்டில் வைத்துக் கீழே தொங்கவிட அதைவிட எளிய கொடி வேறில்லை.

மண் பையைத் திறக்கும் முன்

கடையில் விற்கப்படும் சாடிமண் கலவைப் பைகளில் ஆங்கிலத்தில் ஓர் உடல்நல எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. அதை வாசிக்காது விடுவோர் மிகப் பலர். லீஜியோனெல்லா லோங்பீச்சே என்னும் பற்றீரியா இக்கலவையில் வாழக்கூடும். தூசியோடு அது மூச்சில் புகுந்தால் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகலாம். சாடிமண்ணுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு, 1980களின் இறுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் பலர் நோயுற்றபோது வெளிப்பட்டது. மூத்தோரும், புகைபிடிப்போரும், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரும் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகின்றனர். சாடிச் செடி வளர்ப்பில் மிக ஆர்வம் காட்டும் வயதினரே இவ்வாபத்துக்கும் உரியவர் என்பதால் இதை மேலோட்டமாக வாசித்துக் கடந்துவிடலாகாது.

தற்காப்பு எளியது. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான வெளியிடத்தில், முகத்தைப் பையிலிருந்து விலக்கி வைத்து, கத்தரிக்கோலால் மெதுவாகத் திறக்க வேண்டும். பையைக் கிழித்து உதறலாகாது. கலவையைச் சிறிது நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே அள்ள வேண்டும். வேலை முடிந்ததும், கையுறை அணிந்திருந்தாலும், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மண் வேலை செய்த இரண்டு முதல் பத்து நாட்களுக்குள் காய்ச்சல், குளிர்நடுக்கம், இருமல், மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் சென்று, சாடிமண்ணைக் கையாண்டதையும் தவறாது கூற வேண்டும். அந்த ஒரு தகவல், சரியான பரிசோதனைக்கு மருத்துவரை விரைவில் இட்டுச்செல்லும்.

பைகளில் ஆஸ்திரேலியத் தரநிலை அடையாளமாகச் சரிக்குறிகள் காணப்படும். சிவப்புக் குறியுள்ள கலவையில் உரம் சேர்க்கப்பட்டிருக்கும். கறுப்புக் குறியுள்ளதற்குப் பின்னர் உரமிட நேரும்.

பால்கனியும் ஸ்ட்ராட்டா விதிகளும்

தொடர்மாடிக் குடியிருப்புகள் நியூ சவுத் வேல்ஸில் 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டாத் திட்ட முகாமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் துணைவிதிகள் தனியே உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் அனுமதிக்கப்பட்டது தம் கட்டடத்திலும் அனுமதிக்கப்பட்டிருக்கும் என எவரும் கருதிவிடக் கூடாது. வாடகைக்குக் குடியிருப்போரும் துணைவிதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். விதி எவ்வாறிருப்பினும், கைப்பிடிச் சுவரின்மேல் சாடி வைப்பது கூடாது. மேல்மாடியிலிருந்து காற்றில் விழும் சாடி, கீழே செல்வோரின் உயிரைப் பறிக்கவும் கூடும். பொது நடைபாதையில் அடுக்கும் சாடிகளோ தீ விபத்தின்போது வெளியேறுவோரை இடறச் செய்யும். சாடியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் நுளம்பு பெருகும். தட்டை மணலால் நிரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், நுளம்புக்கு இடமிராது.

பொன்னாங்காணி என்று எண்ணி வளர்த்தது

சமையலில் மிஞ்சும் கீரைத்தண்டை மண்ணில் குத்தி வளர்ப்பது நம்மிடையே இயல்பான பழக்கம். அதில் ஒரு கீரையைப் பற்றிய வரலாறு இங்கு விரிவாகக் கூறத்தக்கது.

1990களின் நடுப்பகுதியில், ஆஸ்திரேலியாவின் பல நகரங்களில் இலங்கையிலிருந்து குடியேறிய குடும்பங்களின் வீட்டுத் தோட்டங்களில் ஒரு செடி கண்டறியப்பட்டது. சிங்களத்தில் முக்குணுவென்ன என்றும் தமிழில் பொன்னாங்காணி என்றும் அழைக்கப்படும் கீரை அதுவே என எண்ணி, அக்குடும்பங்கள் அதைப் பல ஆண்டுகளாக வளர்த்து உண்டுவந்தன. உறவினருக்கும் நண்பருக்கும் தண்டு ஒடித்துக் கொடுத்தும் வந்தன. உண்மையில் அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த அலிகேற்றர் வீட் என்னும் நீர்க்களை. பொன்னாங்காணியின் நெருங்கிய உறவினம் என்பதால் தோற்றம் மயங்க வைக்கும். ஆஸ்திரேலியாவில் அது முளைக்கும் விதை உண்டாக்குவதில்லை. தண்டின் ஒரு கணு நீரில் அடித்துச் செல்லப்பட்டாலே போதும், புதிய இடத்தில் வேர்விடும். ஆற்றையும் ஓடையையும் பாய்போல் மூடி நீரோட்டத்தைத் தடுக்கும். தேசிய அளவில் முக்கியத்துவம் வாய்ந்த களைகளுள் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டுள்ளது. அக்குடும்பங்கள் தீங்கு கருதிச் செய்தவையல்ல. ஊர்க் கீரை என்று நம்பியே செய்தன. விக்ரோரியா மாநில அரசும் வெறுமனே பிடுங்கி எறிந்துவிட்டுப் போகவில்லை. ஆஸ்திரேலியாவுக்கே உரிய உறவினச் செடியொன்றை மாற்றுக் கீரையாக அக்குடும்பங்களுக்கு வழங்கியது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் இத்தகைய பண்பு எங்கும் காணப்படுவதன்று என்பதால் அதைக் குறிப்பிடுவது தகும்.

இரண்டையும் வேறுபடுத்த, பூவைப் பார்ப்பதே எளிது. பொன்னாங்காணியின் சிறு வெண்பூங்கொத்து, காம்பின்றி இலைக்கக்கத்திலேயே ஒட்டியிருக்கும். களையின் பூவோ காகிதம் போன்ற வெண்பந்தாக, தனிக்காம்பின் நுனியில் நீண்டு நிற்கும்; அதன் முதிர்ந்த தண்டு உள்ளே வெறுமையாக இருக்கும். நியூ சவுத் வேல்ஸில் அக்களையை விற்பதும், பண்டமாற்றுச் செய்வதும், மாநிலத்துக்குள் கொண்டுவருவதும் சட்டவிரோதம். ஐயம் எழுந்தால் செடியைப் பிடுங்கவோ, குப்பைத் தொட்டியில் இடவோ வேண்டாம். உடைந்த துண்டுகளால்தான் அது பரவுகிறது. செடியை ஒளிப்படம் எடுத்து, தத்தம் நகரசபையின் களை அலுவலருக்கு அறிவிப்பதே முறை. அலுவலர் நேரில் வந்து பார்த்து, பொன்னாங்காணியே எனில் அவ்வாறே கூறிவிட்டுச் செல்வார்.

ஊரிலிருந்து வரும் விதைகள்

வருகைதரும் பெற்றோரின் பெட்டியில், சேலை மடிப்புக்குள் முருங்கை விதையும், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கன்றும் வருவதுண்டு. பிள்ளைகள்மேல் வைத்த அன்பின் அடையாளம் அது. ஆனால் 2015ஆம் ஆண்டின் உயிரியற் பாதுகாப்புச் சட்டத்தின் முன், அறிவிக்கப்படாத விதை அறிவிக்கப்படாத விதையே.

கறிவேப்பிலையில் வாழும் ஆசிய எலுமிச்சைத் தத்துப்பூச்சி, தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புவது. அப்பூச்சியும் அந்நோயும் இந்நாட்டில் இல்லை. எலுமிச்சை இனத்தைத் தாக்கும் வேறொரு நோயான கான்கர் 2018இல் டார்வின் பகுதியில் தோன்றியபோது, அதை ஒழித்து நாடு விடுபட்டதென அறிவிக்க 2021 வரை ஆயிற்று. வீடுகளின் பின்புறத்தில் நின்ற மரங்களும் அதன்பொருட்டு அகற்றப்பட்டன.

பயணிகள் அறிந்திருக்க வேண்டிய சட்ட நிலை சுருக்கமானது. விதை, செடி, பழம், உலர்ந்த இலை எதுவாயினும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருள் அனுமதிக்கப்படாததாக இருந்தாலும், அறிவித்தமைக்காகத் தண்டனை இல்லை. பொருள் மட்டும் கைப்பற்றப்படலாம். அறிவிக்காது மறைத்தால் அபராதம் விதிக்கப்படும். தற்காலிக விசாவில் வருவோரின் விசாவை இரத்துச் செய்து திருப்பியனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. மகள் பிள்ளைப்பேற்றுக்கு உதவவென வந்த தாய், ஒரு பிடி விதைக்காக விமான நிலையத்திலிருந்தே திரும்ப நேரலாம். ‘இல்லை’ என்று அடையாளமிட்ட படிவத்தில் பயணியே கையொப்பமிட்டுள்ளார் என்பதால், மொழி தெரியாமற் செய்தேன் என்னும் விளக்கம் எளிதில் ஏற்கப்படுவதில்லை. விமானத்தில் படிவம் தரப்படும்போது, ஐயமுள்ள எதற்கும் ‘ஆம்’ என்றே குறிக்கும்படி பெற்றோருக்குப் புறப்படுமுன்னரே தொலைபேசியில் சொல்லிவைப்பது பிள்ளைகளின் கடமை. கறிவேப்பிலைக் கன்றும் முருங்கைக் கன்றும் இங்குள்ள செடி விற்பனை நிலையங்களில் கிடைக்கின்றன.

களை அலுவலரையோ உயிரியற் பாதுகாப்புத் திணைக்களத்தையோ தமிழில் தொடர்புகொள்ள விரும்புவோர், தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்னும் இலக்கத்தில் அழைத்து, ‘டமில்’ என்று மொழியின் பெயரைக் கூறிக் காத்திருக்கலாம். பின்னர் தாம் பேச விரும்பும் அலுவலகத்தின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கூற வேண்டும்.